ரயில்வே கேட்டு வரைக்கும் ஒரு பாட்டு

ஜனவரி 8, திங்கள்

என் பெயர் வெயிலுமுத்து. இதை எழுதியது நான். யாரும் கையைப் பிடித்து எழுதவில்லை.

இது போன வருடத்து டைரி. ஷெரின் டீச்சர் கொடுத்தாள். அச்சடித்த கிழமை எல்லாம் தப்பு. நான் அதை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதுகிறேன். அச்சடித்ததையே திருத்துகிற ஆள் ஆகிவிட்டேன், அறுபத்தேழு வயதில்.

ஷெரினுக்கு இருபது வயது. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் படம் எடுக்கிற படிப்பு படிக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையாட்கள் எட்டுப் பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். எனக்குத் தோட்டத்தில் தண்ணீர் விடுகிற வேலை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன் தளவாய். விடுதிச் சமையற்கட்டில் காய் வெட்டுகிறான். நானும் அவனும் ஒரே தெரு. ஐம்பது வருடப் பழக்கம்.

பூசணிக்காயைப் பிளக்கிற கை அவனுக்கு. அவன் எழுதினால் தாளின் பின்பக்கம் வீங்கிவிடும். முற்றுப்புள்ளி வைத்தால் ஓட்டை விழும்.

"ஏலே, புள்ளி வைக்கச் சொன்னா கெணறு வெட்டுத" என்றேன்.

"நீ எழுதுறது கோழி கெளறுன மாதிரி இருக்கு. ஒன் சோலியப் பாரு" என்றான்.

கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவான். இவ்வளவு எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கை வலிக்கிறது. நல்ல வலி.

ஜனவரி 10, புதன்

ரோஜாப் பாத்தியில் ஒரு தகரப் பலகை உண்டு. பன்னிரண்டு வருடமாக அதை அந்தப் பூவின் பெயர் என்று நினைத்திருந்தேன். இன்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். பூப் பறிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மருமகளுக்குத் தினமும் ஒன்று பறித்துக்கொண்டு போவேன்.

ஜனவரி 18, வியாழன்

இன்று பெரிய நாள்.

ஷெரின் டீச்சர் பரீட்சைக்காக ஒரு பாட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். நான்கு நிமிடம். அதை ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தி, மறுபடியும் காட்ட வேண்டுமாம். திருத்தினதற்குத்தான் மார்க்கு அதிகமாம்.

"தாத்தா, சினிமாவுல வராத பாட்டு ஏதும் தெரியுமா? இந்த ஊர்ப் பாட்டா இருக்கணும்."

கையில் தண்ணீர்க் குழாயோடு பாடினேன்.

வழி விடு கொக்கே, வழி விடு மாடே,
கலெக்டரம்மா வாறா பாரு கம்பி மேலே ஏறி.
பம்புசெட்டே தண்ணி தெளி, பனமரமே குனிஞ்சு நில்லு,
கேட்டுக்காரத் தாத்தா, ரயிலை நிறுத்தச் சொல்லு.

டீச்சர் குதித்தாள். சைக்கிள் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிற பாட்டு என்று சொன்னேன். இன்னும் ஒரு தடவை பாடச் சொல்லிப் போனில் பிடித்தாள்.

"யாரு தாத்தா கட்டுனது?"

சிரித்தேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்து வாசித்தேன். பாட்டு: வெயிலுமுத்து.

என் பெயரை வேறு ஒருவர் எழுதி நான் வாசிப்பது இதுதான் முதல் தடவை. அழகாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

படம் பிடித்தார்கள். சைக்கிள் என்னுடையது. சட்டை மகனுடையது. டீச்சரோடு படிக்கிற நவ்ஷாத் கேமரா பிடித்தான். அவன் அக்கா மகளைக் கம்பியில் உட்கார வைத்தார்கள். ஆறு வயது. சடையில் சிவப்பு ரிப்பன். மணியை விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள்.

"தாத்தா, கேமராவப் பாக்காதீங்க" என்று நவ்ஷாத் பத்துத் தடவை கத்தினான். அது எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? எனக்காக வந்த கேமரா.

சமையற்கட்டு வாசலில் தளவாய் நின்றான். கை காட்டிக் கூப்பிட்டேன்.

"உலை கொதிக்கி" என்று உள்ளே போய்விட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு எந்த உலை?

அவன் சைக்கிள் பக்கமே வர மாட்டான். வீட்டிலிருந்து இரண்டு மைல் நடந்தேதான் வேலைக்கு வருவான். பின்னால் ஏறிக்கொள் என்று நானும் முப்பது வருடமாகச் சொல்கிறேன். ஏற மாட்டான். அது பழைய கதை.

தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மார்ச் ஒன்றாம் தேதி கல்லூரிப் பெரிய அரங்கில் என் முகம் வரப்போகிறது. சுவர் அளவு.

ஜனவரி 29, திங்கள்

முதல் தடவை போட்டுக் காட்டினார்கள். வகுப்பறையில்தான். மாணவர்கள், வேலையாட்கள், எங்கள் எழுத்து வகுப்புக்காரர்கள் எட்டுப் பேரும் இருந்தோம். என் முகம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்றார்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கருத்துப் படிவம். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டிருந்தது. அப்போதுதான் உள்ளதைச் சொல்வார்களாம். கேள்வி மூன்று.

எந்த இடம் பிடித்தது? நான் எழுதினேன்: நான் வருகிற இடம்.

எந்த இடம் பிடிக்கவில்லை? நான் வராத இடம்.

என்ன மாற்றலாம்? ஒன்றும் வேண்டாம். வெயிலுமுத்து.

பெயரை எழுதியே விட்டேன். எழுதத் தெரிந்த பிறகு எழுதாமல் எப்படி இருப்பது?

ஜனவரி 30, செவ்வாய்

டீச்சர் அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்து, வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். எனக்கு வாசிப்புப் பயிற்சி, அவளுக்கு வேலை மிச்சம். தளவாய் இன்று வரவில்லை. விடுதியில் விருந்து, காய் அதிகம் என்று சொல்லியனுப்பினான்.

தாத்தா சிரிப்பு அருமை. இதை இரண்டு தடவை வாசித்தேன்.

பாப்பாவுக்கு ரிப்பன் நன்றாக இருக்கிறது.

ஆனால் பாதிப் பேருக்கு மேல் ஒன்றையே எழுதியிருந்தார்கள். பாட்டு நடுவிலே நின்றுவிட்டது. பாப்பா பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாளா இல்லையா?

ஒரு தாள் வெறும் தாள். நடுவில் ஒரே ஒரு புள்ளி. அது ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி முனை அளவு வெயில் வந்தது. சோம்பேறிப் பயல், ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?

"தாத்தா, மீதிப் பாட்டு எங்க?" என்றாள் டீச்சர்.

"நெனச்சுப் பாத்துச் சொல்லுதேன் டீச்சர்."

பிப்ரவரி 2, வெள்ளி

நினைத்துப் பார்த்தேன். எனக்கு நான்கு வரிதான் தெரியும். எங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். காலையில் எட்டரை மணிக்குப் பாட்டு வீட்டைத் தாண்டிப் போகும். கேட்டைத் தாண்டினால் காதில் விழாது. திரும்பி வரும்போது சைக்கிள் மட்டும் வரும், பாட்டு வராது.

தளவாயிடம் கேட்கலாம். அவனுக்கு வேலை அதிகம். கேட்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

மீதியை நானே எழுதிவிட்டேன். நானே கட்டி, நானே எழுதியது.

பள்ளிக்கூடம் வந்திருச்சு, பாடம் படி தங்கமே,
எண்ணும் எழுத்தும் கண்ணு ரெண்டு, ஏற்றம் வரும் திண்ணமே.
படிச்ச பிள்ள நாட்டுக்கு, வெளக்கு ஒண்ணு வீட்டுக்கு,
பெருமை வரும் பெத்தவங்க ரெண்டு பேரு பாட்டுக்கு.

மருமகளிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு மாமா, ரேஷன் கடைச் செவுத்துல எழுதலாம்" என்றாள். அவ்வளவு பெரிய இடத்தில் எழுதலாம் என்கிறாள்.

பிப்ரவரி 7, புதன்

பாடிக் கொடுத்தேன். நவ்ஷாத் பள்ளிக்கூட வாசலில் பாப்பா இறங்குகிற மாதிரி எடுத்தான். மண்வெட்டிக் காம்பு உடைந்துவிட்டது. புதுக் காம்பு போட வேண்டும்.

பிப்ரவரி 12, திங்கள்

இரண்டாம் தடவை காட்டினார்கள். மறுபடியும் படிவம்.

தளவாய் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். படம் முடிந்ததும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். நிறைய நேரம் எழுதினான். எல்லோரும் போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தான். எனக்கு மகிழ்ச்சி. சிநேகிதனுக்காக இவ்வளவு எழுதுகிறானே என்று.

பிப்ரவரி 13, செவ்வாய்

எழுதவே கூடாது என்று இருந்தேன். எழுதுகிறேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

கடைசி நான்கு வரி அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கிறது. இப்படி நான்கைந்து பேர். போகட்டும், பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

அடுத்த தாளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. கண் தெரியாதவனுக்கும் தெரியும். பின்பக்கம் எல்லாம் வீக்கம். மூன்று வாக்கியம், மூன்று ஓட்டை.

கடைசி நாலு வரி இந்தப் பாட்டு இல்லை. முதல் நாலு வரி இந்த ஆள் பாட்டு இல்லை. ஆளை எடுக்கவும்.

நான் சத்தமாக வாசித்தேன். "தாத்தா நன்றாகப் பாடுகிறார்" என்று வாசித்தேன்.

பின்னால் டீச்சர் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"தாத்தா, திரும்ப வாசிங்க."

வகுப்பில் தப்பு விட்டால் சொல்கிற அதே குரல்தான். திட்டவில்லை. விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள். அது போகிற வழியில் நானும் போனேன். ஆ, ளை, எ, டு, க்க, வு, ம். அவ்வளவு தூரம் ஒரு வார்த்தை போகும் என்று எனக்குத் தெரியாது.

"இது யாரு பாட்டு?" என்று கேட்டாள்.

நான் பொய் சொன்னதில்லை. அன்றைக்குச் சிரித்தேன், அவ்வளவுதான். இன்று சிரிப்பு வரவில்லை. தளவாய் பெயரைச் சொன்னேன்.

பிப்ரவரி 14, புதன்

வேலை முடிந்து போகிற வழியில் அவனைப் பிடித்தேன். அவன் நடந்தான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"அம்பது வருசம்லே. வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ வாயத் தொறந்து எங்கிட்டக் கேட்டியா?"

"பேரு எழுத வேண்டாம்னதும் மறைஞ்சு நின்னு கல்லெறியுத."

"மறைஞ்சு நின்னா ஒனக்கு எப்படிலே தெரிஞ்சுது?"

"ஓட்ட வுழுந்த தாளு ஊருக்குள்ள வேற எவன் எழுதுவான்?"

"தெரியட்டும்னுதான் அழுத்தி எழுதுனேன்" என்றான்.

பிறகு நான்தான் பேசினேன். என்னென்னவோ சொன்னேன். அவன் வீட்டுக் கூரை காற்றில் போனபோது ஓலை சுமந்தது யார்? அவன் பெண்டாட்டி செத்தபோது மூன்று நாள் கூடவே கிடந்தது யார்? அவன் மகள் பூரணத்துக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறினபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யார்?

அந்தப் பெயரைச் சொன்னதும் நின்றான். என் சைக்கிள் கம்பியைப் பார்த்தான்.

"ரிப்பன் செவப்பு இல்ல. அவளுக்கு மஞ்சதான் பிடிக்கும்" என்றான். வேகமாகப் போய்விட்டான்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தோம். ஒரே சிலேட்டில் அழித்து எழுதினோம். நான் எழுதின முதல் வாக்கியம் என் பெயர். அவன் தானாக எழுதின முதல் மூன்று வாக்கியமும் என்னை வெட்டுவதற்கு. இதற்கா படித்தான்?

பாட்டுதானே. வைத்துக்கொண்டு என்ன செய்தான்? பூரணம் போன பிறகு முப்பத்திரண்டு வருடமாக ஒரு தடவை பாடினானா? நான் பாடியிராவிட்டால் அந்த நான்கு வரியும் மண்ணோடு போயிருக்கும்.

பிப்ரவரி 15, வியாழன்

வகுப்பில் தளவாய் முதல் பெஞ்சுக்கு மாறிவிட்டான். என் பக்கத்து இடத்தில் என் குடைதான் இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

டீச்சர் நான்கு நாளாகச் சமையற்கட்டுக்குப் போய்வருகிறாள். காய் வெட்டுகிற இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். முதல் இரண்டு நாள் அவன் ஒன்றும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவளிடம் ஒரு கத்தியைக் கொடுத்து பீன்ஸ் நறுக்கச் சொன்னானாம்.

இன்று குழாயடிக்கு வந்தாள்.

"தாத்தா, படத்தக் கொஞ்சம் மாத்துதோம். எங்க சார் முன்னாடி நாங்க ஒரு கேள்விக்கும் பதில் இல்லாம நிக்கக் கூடாது."

"நான் இருப்பேன்லா டீச்சர்?"

"நீங்க இல்லாம சைக்கிள் ஓடுமா?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் ரோஜாவைப் பார்த்துச் சொன்னாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சட்டையை மருமகள் இஸ்திரி போட்டாள். தெருவில் பதினோரு பேர் வருகிறார்கள். ஷேர் ஆட்டோ பேசியாகிவிட்டது.

மார்ச் 1, வெள்ளி

அரங்கம் நிறைந்துவிட்டது. நாங்கள் நடு வரிசையில் உட்கார்ந்தோம். இந்தப் பக்கம் மருமகள், அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கோமு. கோமுவுக்கு எழுத்து தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வரும் ஒம்ம மூஞ்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திரை வெளிச்சமானது. மணிச் சத்தம். பெடல். பெடலில் ஒரு கால்.

"மாமா, இது ஒங்க கால்தான?" என்றாள் மருமகள்.

என் கால்தான். பெருவிரல் நகம் இல்லாத கால். பிறகு ஹாண்டில் பாரில் என் கை. பிறகு ரோட்டில் என் நிழல். பாப்பாவின் பின்தலை. ரிப்பன் இப்போது மஞ்சள். அந்த இடத்தை எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் முகம் வரவே இல்லை. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

குரலும் என்னுடையது இல்லை. தளவாய் பாடினான். கரகரவென்று, மூச்சு வாங்க. அதோடு பின்னால் கத்தி பலகையில் தட்டுகிற சத்தம், டக்கு டக்கு என்று. காய் வெட்டிக்கொண்டே பாடியிருக்கிறான். கேட்டுக்காரத் தாத்தா வந்தார். நான் கேட்ட பாட்டு அங்கே முடிந்தது. அவன் நிறுத்தவில்லை.

எறங்கு தாயி எறங்கு, பள்ளிக்கூடம் வந்தாச்சு,
சாயங்காலம் மணி அடிச்சா சைக்கிள் இங்கயே நிக்கும்.

அவ்வளவுதான். கத்திச் சத்தமும் நின்றுவிட்டது. திரையில் பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் மட்டும் நின்றது. கம்பியில் யாரும் இல்லை. அரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். அது நிற்கவே இல்லை.

எழுத்து ஓடியது.

"என்னவே போட்டிருக்கு? வாசியும். படிச்ச ஆளுல்லா நீரு" என்றாள் கோமு.

மருமகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"பாட்டு, தளவாய்" என்று வாசித்தேன். "சைக்கிள், வெயிலுமுத்து."

"சைக்கிளா?"

"சைக்கிள்தான்."

ஷெரின் டீச்சர் மேடையில் பேசினாள். பார்த்தவர்கள் எழுதித் தந்ததால்தான் இந்தப் படம் இப்படி ஆனது என்றாள். பாப்பா போய்ச் சேர்ந்தாளா என்று எல்லோரும் கேட்டார்கள், அந்தக் கேள்விதான் எங்களைச் சரியான ஆளிடம் கொண்டுபோனது என்றாள். சரியான ஆள். பதினோரு பேரையும் ஆட்டோவில் கூட்டி வந்த பிறகு சொல்கிறாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன், அவ்வளவுதானே.

கடைசியாக ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம்.

எந்த இடம் பிடித்தது? எழுதவில்லை. எந்த இடம் பிடிக்கவில்லை? எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

என்ன மாற்றலாம்?

பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. எழுதினேன்.

எல்லோர் பெயரும் போட்டீர்கள். பாப்பா பெயர் போடவில்லை. அவள் பெயர் பூரணம். இரண்டாம் வகுப்பு.

மார்ச் 5, செவ்வாய்

மருமகள் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். தெருவில் என்னைச் சைக்கிள் என்று கூப்பிடுகிறார்கள். "என்ன சைக்கிள், டீ குடிச்சாச்சா?"

ரோஜாப் பாத்தியில் எறும்பு. மருந்து போட வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

இந்தத் தடவை படிவங்களை வாசிக்கிற வேலையை டீச்சர் தளவாய்க்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் கல்லூரி வாசலில் நின்றான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பேசாமல் தாண்டிப் போகத்தான் நினைத்தேன்.

"எடது கையால எழுதியிருக்க" என்றான்.

"யாரு?"

"எந்தக் கையால கெளறுனா என்னலே? கோழி ஒண்ணுதான்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தாள் அங்கேதான் இருந்தது. நான்காக மடித்திருந்தான்.

"பேரு போடச் சொல்லிட்டேன். டீச்சரு போட்டுட்டா" என்றான்.

"எம் மூஞ்சியப் போடச் சொல்லலியே?"

"சொல்லல."

நடந்தான். நானும் நடந்தேன். அவன் ரோட்டின் அந்த ஓரம், நான் இந்த ஓரம். பின்னால் ஏறிக்கொள் என்று நான் சொல்லவில்லை. ரயில்வே கேட்டு மூடியிருந்தது. இரண்டு பேரும் நின்றோம். பெரிய கூட்ஸ் வண்டி. போய்க்கொண்டே இருந்தது.

கேட்டு திறந்ததும் எங்கள் வீட்டுப் பக்கம் போக வேண்டியவர்கள் எல்லோரும் போனார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு பக்கத்தில் வந்து, கையை நீட்டி என் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தான். என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து நடந்து போய்விட்டான்.

இந்தப் பக்கத்தின் கடைசியில் முற்றுப்புள்ளியை நன்றாக அழுத்தி வைத்துப் பார்த்தேன். ஓட்டை விழவில்லை.